ராஜாவிலிருந்து பிணம் வரை

எங்கள் நாடக மன்றத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி மன்றத்து இளசுகள் ஒரு மாதமாக என் உயிரை வாங்கிவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். "ஆரம்பத்துலருந்து இருக்கிறது நீங்க ஒருத்தர்தான் அண்ணே, ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று ஐஸ் வைத்தார்கள். ஆரம்பத்திலிருந்து இருப்பது ஒரு தகுதி என்றால், ஹட்டன் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி நாயைத்தான் முதலில் போக்குவரத்து மந்திரியாக்க வேண்டும். இருந்தாலும் ஐஸ் வைத்தால் குளிர்ந்து போகாத மனுஷனா நான்? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெயர்கள் மட்டும் கிடையாது. பெயர் போட்டால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். மீதிப் பேர், தங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டுச் சண்டைக்கு வருவார்கள். மன்றத்தின் பெயரும் வேண்டாம். அதற்குப் பெயர் வைத்த அன்றே இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில்தான் மன்றம் பிறந்தது. பலகை அடித்து மேடை போட்டோம். திரைக்கு லயம் லயமாக, வீடு வீடாகப் போய்க் கட்டில் விரிப்பு இரவல் வாங்கினோம். நாடகம் நடக்கும்போதே, "அடியே, அந்தா மூலையில தொங்குது பாரு, அது நம்ம வீட்டு விரிப்பு, ஓட்டையோட தெரியுது" என்று கீழிருந்து சத்தம் வரும். அந்த முதல் நாடகத்தில் நான் ராஜா. ஏன் ராஜா என்றால், நான் ஹட்டனில் துணிக்கடையில் விற்பனையாளனாக இருந்தேன். பட்டுத் துணி இரவல் வாங்கி வர என்னால் மட்டும்தான் முடியும். திறமையைப் பார்த்து யாரும் எனக்கு வேஷம் கொடுத்ததில்லை என்பதை மலருக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

ராஜா வேஷம் மூன்று மேடையோடு முடிந்தது. டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு ஆடப் போயிருந்தோம். இரண்டாம் காட்சியில் பனிமூட்டம் மேடைக்குள் புகுந்துவிட்டது. எதிரில் நிற்பது மந்திரி என்று நினைத்து, நாட்டின் நிலைமையைப் பற்றி உணர்ச்சி பொங்க முழு வசனத்தையும் பேசி முடித்தேன். பனி விலகியபோது எதிரில் மைக் கம்பம் நின்றது. மந்திரி பின்னால் போய் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் கம்பம்தான் நன்றாக நடித்தது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அப்புறம் போலீஸ்காரர் ஆனேன். திருடனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. முன்வரிசையில் பாதுகாப்புக்கு வந்த நிஜப் பொலிஸ் சார்ஜன்ட் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கை தானாக எழுந்து சல்யூட் அடித்துவிட்டது. அடித்த கை இறங்கவில்லை. வசனமும் மறந்து போச்சு. திருடனாக நடித்தவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாங்க சார், நேரமாச்சு" என்று என் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டர் வேஷமும் போட்டேன். "ஒங்க அம்மாவைக் காப்பாத்த முடியல" என்பது மட்டும்தான் என் வசனம். ஆனால் எதிரில் நின்ற மகன் கண்ணில் நீர் முட்ட என்னைப் பார்த்தான். பாவி, அவன் நல்ல நடிகன். எனக்கு மனசு கேட்கவில்லை. "பொழைச்சுட்டாங்க தம்பி, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு காட்சி முழுக்க அழுகையும் கருமாதியும் பாக்கி இருந்தது. டைரக்டர் திரைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டார். அவர் பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர், மலைப்பாதை வளைவுகளில் கூடத் தலையில் அடித்துக்கொள்ளாதவர்.

இத்தனை கூத்தையும் என் மனைவி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலை ஏறினால், கூடை நிரம்பி இறங்கும்வரை வேறு நினைப்புக் கிடையாது. எங்கள் பிள்ளைகள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒவ்வொரு நாடகத்துக்கும் கூப்பிடுவேன். "வீட்டுல நீங்க போடுற நாடகத்தையே பாத்து முடியல, இதுல டிக்கெட்டு வாங்கி வேற பாக்கணுமாக்கும்" என்பாள். முதுகு வலி என்பாள். அரிசி ஊறப் போட்டிருக்கிறேன் என்பாள். நாடகம் முடிந்து வந்தால், "கூட்டம் வந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள், அதுவும் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊர் கைதட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஊர் கைதட்டாது என்பது எனக்கே தெரியும். இவள் ஒரு நாள் முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும், பார்த்துவிட்டு "நல்லா நடிச்சீங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷமும் பவுடர் பூசிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் டைரக்டர் புது நாடகம் எழுதினார். தோட்டத்தில் ஒரு தகப்பன் இறந்துபோகிறான். கொழும்பிலிருக்கும் பிள்ளைகள் வந்து, பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஒரு நாள் ஆட்டோவை எங்கள் கடை வாசலில் நிறுத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்த நாடகத்துக்கே உசுரு நீங்கதான்."

"என்ன வேஷம்?"

"பொணம்."

அவர் என் தோளில் கை வைத்தார். "யோசிச்சுப் பாருங்க. வசனம் கெடையாது. மறக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா கடைசிக் காட்சி முழுக்க மேடைக்கு நடுவுல நீங்கதான். ஹீரோவுக்குக்கூட அந்த எடம் கெடைக்காது."

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பேசத் தெரிந்தவர். வீட்டுக்குப் போகும்போது நானே நம்பிவிட்டேன். அன்றைக்கே கட்டிலில் நீட்டிப் படுத்து மூச்சை அடக்கிப் பழக ஆரம்பித்தேன். கொழுந்து மலையிலிருந்து வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னா, மேலுக்குச் சொகமில்லையா?"

"நாடகத்துக்குப் பழகுறேன்."

"என்னா வேசம்?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. நான் அதோடு விட்டிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? இன்னொன்றையும் கேட்டுத் தொலைத்தேன்.

இதைக் கேட்டதன் கனம் புரிய, அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது என் மனைவிக்குத்தான். ஒப்பாரிக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. போய் உட்கார்ந்து ஒரு சொல் எடுத்தாள் என்றால், செத்தவரோடு ஜென்மப் பகையில் இருந்தவனும் துண்டை எடுத்து மூக்கைத் துடைப்பான். பக்கத்து டிவிசனிலிருந்தும் வந்து கூட்டிப் போவார்கள். எங்கள் நாடகத்தில் செத்தவரின் பெண்சாதியாக நடித்தது ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி. நல்ல பிள்ளை. ஆனால் அவள் ஒப்பாரி பாடினால் கலியாண வீட்டு ஒலிபெருக்கி மாதிரி இருக்கும். ஆகவே நான் என் மனைவியிடம் கேட்டது, "நீயே வந்து பாடேன் புள்ள. மேடையில நானும் நீயும்" என்பதுதான்.

அவள் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி வச்சா அந்த உசுரு நிக்காது. இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு? நான் பாடவும் மாட்டேன், நீங்க படுக்கவும் கூடாது. புருசன் செத்துக் கெடக்குறத டிக்கெட்டு வாங்கிப் பாக்கணும்னு எனக்கென்னா தலையெழுத்தா?"

"சரி, சரி. வேற ஆளப் போடச் சொல்றேன்" என்றேன்.

சொன்னேனே தவிர, செய்யவில்லை. மேடைக்கு நடு இடத்தை யார் விட்டுக் கொடுப்பது? வேஷத்தை விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். கடை முடிந்ததும் ஒத்திகைக்குப் போய்ச் செத்துவிட்டு, பஸ் தாமதம் என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கடைசி ஒத்திகைக்கு நிஜத் தப்பு மேளம் வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். ஸ்பீக்கரில் போடும் தப்புச் சத்தத்துக்கு எனக்குப் பிணமாகப் படுக்கவே மூட் வரவில்லை என்றேன். பிணத்துக்கு மூட்! கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் டைரக்டருக்கும் அந்த எண்ணம் பிடித்துப் போயிற்று. தோட்டத்துத் தப்புக் குழுவினர் வந்து அடித்துத் தரச் சம்மதித்தார்கள். அவர்களுக்கு ஒழிவு கிடைத்தது ஒரு வேலை நாளில், பகலில். தோட்டத்து மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் தப்பு என்பது பேசுகிற சாமான். பெரட்டுக்கு ஓர் அடி, கோயிலுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு வேறு. சாவுக்கு அடித்தால் மலைக்கு மேல் நிற்பவளுக்கும் அது சாவு என்று தெரியும். வாட்ஸ்அப் எல்லாம் வந்துவிட்டது, ஆனால் எங்கள் மலையில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல்தான். தப்புக்குப் பாறை தேவையில்லை. அந்த அடி கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். சாவு விழுந்த நாளில் யாரும் கொழுந்து பறிப்பதில்லை. நான் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

முன்கூட்டித் தோட்டத் தலைவரிடம் சொல்லியிருந்தோம், அதையும் ஒளிக்கக்கூடாது. அவர் எல்லோருக்கும் அறிவிப்பதாகச் சொன்னார். பிறகு கூட்டமொன்றுக்கு நுவரெலியாவுக்குப் புறப்பட்ட அவசரத்தில் அறிவிக்காமலே போய்விட்டார்.

அன்று காலை நான் வழக்கம்போலக் கடைக்குப் போனேன். லீவு வேண்டும். நாடகம் என்றால் முதலாளி லீவு தரமாட்டார். முஸ்லிம் பெரியவர், தங்கமான மனுஷர், ஆனால் என் நாடகங்களில் இரண்டைப் பார்த்திருக்கிறார். ஆகவே நெஞ்சில் கை வைத்தேன்.

"நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு முதலாளி."

அவர் பதறிப் போனார். "என்ன தம்பி சொல்றீங்க? மொகமெல்லாம் வேர்த்திருக்கே! போங்க, போங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. அல்லாஹ் காப்பாத்துவான்." என் வாழ்நாளில் நான் நடித்து ஒருவர் நம்பியது அது ஒன்றுதான்.

மண்டபத்தில் ஒரு பெஞ்சில் என்னைக் கிடத்தினார்கள். நெற்றியில் காசு ஒட்டினார்கள். மூக்கில் பஞ்சு வைத்தார்கள். தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணியால் வாய்க்கட்டுக் கட்டினார்கள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போர்த்தினார்கள். என் போன் கழற்றி வைத்த கால்சட்டைப் பைக்குள் கிடந்தது. தப்புக்காரர்கள் வெளி முற்றத்தில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி அடிக்க ஆரம்பித்தார்கள். தையல் தங்கச்சியும் மற்ற நடிகர்களும் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதென்று செய்தி வர, டைரக்டர் அவர்களைக் கூட்டிவர ஆட்டோவில் போனார். போகும்போது என் காதில், "அப்படியே கெடங்க அண்ணே, மூட் கலையாம" என்றார். நானும் கிடந்தேன்.

மேலே மலையில் நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தப்புக் கேட்டதும் பறித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. யார் வீட்டில் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயா அந்தச் சிக்னல் பாறைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவருடைய போன் அடித்திருக்கிறது. பேசியது என் முதலாளி. எனக்குப் பல தடவை அடித்துப் பார்த்து, பதில் இல்லாமல் பயந்துபோய், தன் கடை வாடிக்கையாளரான கண்டாக்கிடம் விசாரித்திருக்கிறார். "ஒங்க தோட்டத்து நம்ம தம்பி காலைல நெஞ்சு வலின்னு போனாரு. எப்படி இருக்காருன்னு ஒருக்காப் பாக்க முடியுமா?" கண்டாக்கு ஐயா ஒன்றும் பேசாமல் நின்றிருக்கிறார். அந்த இடைவெளியில் போன் வழியாகத் தப்புச் சத்தம் ஹட்டன் கடை வரைக்கும் கேட்டிருக்கிறது. நெஞ்சு வலிச் செய்தியும் தப்பும் சேர்ந்து, செத்தது நான்தான் என்று மலை முழுக்க முடிவாகிவிட்டது.

எனக்கு ஒன்றும் தெரியாது. போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். காலடிச் சத்தம் வருகிறது, ஒன்றல்ல, பத்து, இருபது. அழுகை கேட்கிறது. ஆகா, டைரக்டர் கெட்டிக்காரன், கடைசி ஒத்திகைக்குக் கூட்டத்தையே திரட்டி வந்துவிட்டான் என்று நினைத்தேன். எல்லோரும் எவ்வளவு இயல்பாக நடிக்கிறார்கள் என்று பொறாமையாக இருந்தது. வெளியே தப்புக்காரர்களும் கூட்டத்தைப் பார்த்து உற்சாகமாகி, அடியை இன்னும் கூட்டினார்கள்.

"காலைலதான் டவுன் பஸ்ல சிரிச்சுக்கிட்டுப் போனாரு" என்றது ஒரு குரல்.

"நல்ல மனுசன். ஒரு வம்பு தும்புக்குப் போனதில்ல."

"ஆமா. நடிப்புதான் வராது. மத்தபடி ஒரு கொறையும் சொல்ல முடியாது."

இந்த வசனம் கதையில் இல்லையே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இரு, உனக்குக் காட்டுகிறேன் என்று மூச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அப்போது, "வழி விடுங்க, வழி விடுங்க, சம்சாரம் வருது" என்றார்கள். கூட்டம் அடங்கியது. தையல் தங்கச்சி வந்து சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் வந்து நின்றவளிடம் பச்சைக் கொழுந்து வாசம் அடித்தது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் ஈர வாசமும் அடித்தது. அந்த வாசம் எனக்குத் தெரியாதா? என் மனைவி!

என் முட்டாள்தனத்துக்கு ஓர் அளவே கிடையாது. அப்போதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? டைரக்டர் பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டார், எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து என்னை அசத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. வந்துவிட்டாள். பாடப் போகிறாள். எனக்காக அவள் எடுக்கப்போகும் முதல் சொல் என்னவாக இருக்கும் என்று காத்துக்கொண்டு கிடந்தேன்.

சத்தமே இல்லை.

"அழுதுரு புள்ள" என்றாள் ஒருத்தி. "சொல்லிப் பாடு. மனசுக்குள்ள வச்சுக்காத, நெஞ்சடைச்சிரும்."

அப்போதும் இல்லை. ஊருக்கெல்லாம் பாடுகிறவள், வாசல் படி ஏறும்போதே சொல்லெடுக்கிறவள், என் பக்கத்தில் நின்று வாய் திறக்கவில்லை. ஒரு கை வந்து என் காலைப் பிடித்தது. அந்தக் கை நடுங்கிய நடுக்கம் பெஞ்சு முழுக்கத் தெரிந்தது. இது நாடகமில்லை என்பது அந்தக் கையைக் கொண்டுதான் எனக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்தேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வராது. எழுதவும் மாட்டேன்.

"ஐயோ, பொணம் முழிக்குது!" என்று யாரோ அலறினார்கள். பாதிக் கூட்டம் வெளியே ஓடியது. வாய்க்கட்டோடு எனக்குப் பேச வரவில்லை, கால்விரல் கட்டோடு எழவும் முடியவில்லை. எழப் பார்த்துப் பெஞ்சோடு சரிந்து கீழே விழுந்தேன். என் மனைவி அசையாமல் நின்று பார்த்தாள். பிறகு முதுகுக் கூடையைக் கழற்றி, அன்று பறித்த கொழுந்து அத்தனையையும் என் தலையில் கொட்டினாள்.

"உசுரோடதான் இருக்கீங்களா?" என்றாள். "அப்ப எந்திரிச்சு வீட்டுக்கு வாங்க. நானே கொன்னுர்றேன்."

அதோடு முடிந்ததா? கண்டாக்கு ஐயா வந்து, அன்றைய கொழுந்து போன கணக்கைத் தோட்டத் துரைக்கு யார் சொல்வது என்று கத்தினார். முதலாளி கடையைச் சாத்திவிட்டு, கோடித் துணியோடு வேனில் வந்து இறங்கினார். நான் கொழுந்தைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்ததும் முதலில் கட்டிப் பிடித்தார். அப்புறம் திட்டினார். "துணிய வெட்டிட்டேன் தம்பி, இனி கடைக்குத் திரும்ப எடுக்கமாட்டேன், நாடகத்துக்கே வச்சுக்கங்க" என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, மரண உதவிச் சங்கத்து இளைஞர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். "பாதி வெட்டியாச்சு அண்ணே, இப்ப என்னா பண்றது?" வெட்டிய குழியைச் சும்மா மூடக்கூடாது, அது வேறு ஆளைக் கேட்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கடைசியில் ஒரு வாழைத்தண்டைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் கூடப் போய்ப் பயபக்தியோடு ஒரு பிடி மண் போட்டேன். என் இடத்தில் படுத்த ஒரே நடிகர் அந்த வாழைத்தண்டுதான்.

வீட்டில் என் மனைவி என்னோடு பேசவில்லை. சோற்றைப் போடுவாள், தட்டை நகர்த்துவாள், போய்விடுவாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. நான் டைரக்டரிடம் போய் வேறு பிணத்தைத் தேடிக்கொள்ளச் சொன்னேன். "நாடே நம்புன பொணம் நீங்க. ஒங்களுக்கு அப்புறம் எவன் படுத்தாலும் எடுபடாது" என்றார். ஊரிலும் வேறு எவனும் படுக்கத் துணியவில்லை. கதை பரவி ஹட்டன் மண்டபத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுப்போயிருந்தது. நான் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"நாடகத்த விட்டுட்டேன். இந்தத் தடவ நெசமாவே" என்று குசினி வாசலில் நின்று சொன்னேன்.

அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் பேசினாள்.

"போய் நடிங்க."

"என்னா?"

"நானும் வாறேன். நீங்க அங்க போய்ப் படுக்க, நான் இங்க உக்காந்துக்கிட்டு என்னா ஆச்சோ ஏதாச்சோன்னு கெடக்க முடியாது. விட்டுட்டேன்னு சொல்லிட்டு மறுபடி போவீங்க, எனக்குத் தெரியாதா? வந்து கண்ணால பாத்துட்டா ஒரு வேலையாப் போச்சு."

இத்தனை வருஷம் கெஞ்சிக் கிடைக்காதது இப்படியா கிடைக்க வேண்டும்?

"ஆனா ஒண்ணு" என்றாள். "மூச்சு விடுறது எனக்குத் தெரியணும். முன்னாடி வரிசையிலதான் உக்காருவேன். நெஞ்சு ஏறி எறங்குறது தெரியல, மேடைக்கு ஏறி வந்துருவேன். அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது."

சரி என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்கு நீ ஏன் பாடல?"

பிசைந்த கை நின்றது. "ஊருல யாரு செத்தாலும் எனக்குச் சொல்லு வந்துரும். ஒங்களுக்குன்னு நான் ஒரு சொல்லும் எடுத்து வைக்கல" என்றாள். "வைக்கவும் மாட்டேன். போய்க் கையக் கழுவிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஹட்டன் மண்டபம், நிற்கவும் இடமில்லை. என் மனைவி கலியாணத்துக்கு மட்டும் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசை நடுவில் வந்து உட்கார்ந்தாள். கடைசிக் காட்சி வந்தது. முதலாளி தந்த கோடித் துணி மேலே, நெற்றியில் காசு, மேடைக்கு நடுவில் நான். தப்பு அடிக்கிறது. தையல் தங்கச்சி உண்மையிலேயே நன்றாகப் பாடினாள். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. நான் ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். என் மனைவி பாட்டைக் கேட்கவில்லை, பிள்ளைகளாக நடித்தவர்களையும் பார்க்கவில்லை. அவள் பார்வை என் நெஞ்சில் குத்தி நின்றது.

நான் மூச்சு விட்டேன். கொஞ்சமாக விட்டால் கோடித் துணியின் கனத்தில் தெரியாதே என்று நன்றாக இழுத்து விட்டேன். துணி ஏறியது, இறங்கியது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், பொணம் மூச்சு விடுதுடா!" ஒருவன் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ஓரத்திலிருந்து டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, அடக்குங்க! கும்புட்டுக் கேக்குறேன், கொஞ்ச நேரம் அடக்குங்க! மானம் போகுது!" என்றார்.

அடக்க எனக்குத் தெரியும். அதற்காகவே மாதக்கணக்கில் பழகியவன் நான். அந்த மனுஷன் இரவு பகலாக எழுதிய நாடகம், பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடிக்கிறார்கள், பாவமாக இருந்தது. ஒரு மூச்சு அடக்கிப் பார்த்தேன். உடனே சிரிப்பு ஓய்ந்தது. மண்டபம் அமைதியானது. வரலாற்றில் முதல் தடவையாக நான் நன்றாக நடித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் என் மனைவி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

விட்டேன் மூச்சை. எருமை மாடு மாதிரி விட்டேன். மூக்குப் பஞ்சு பறந்து மூத்த மகனாக நடித்தவன் மடியில் விழுந்தது. நெற்றிக்காசு உருண்டு மேடையிலிருந்து கீழே போனது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, செத்த தகப்பனைக் கட்டிப் பிடித்திருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள், தப்புக்காரர்களும் அடியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். திரையை இழுத்துவிட்டார்கள். மன்றத்தின் வரலாற்றிலேயே படுதோல்வி எது என்று மலரில் போட வேண்டுமானால் தாராளமாக இதைப் போட்டுக்கொள்ளுங்கள். டைரக்டர் என்னோடு பேச ஒரு மாதமாயிற்று.

நாங்கள் கடைசி பஸ்ஸில் வீடு திரும்பினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருக்கிறாளா என்று தெரியவில்லை. இறங்கும் இடம் நெருங்கும்போது தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"நாடகம் எப்படி இருந்துச்சு?"

"கதை என்னான்னே தெரியாது. நான் எங்க அதப் பாத்தேன்?" என்றாள். மடியில் கிடந்த என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நல்லா மூச்சு விட்டீங்க."